நெத்திக்கண்ணன் பிறந்த வீடு

ஆயாக் கொட்டகை ஏணைகளில் ஆடி வளர்ந்த என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சந்தோஷம். ஆனால் சாட்சிக்கு நீங்கள்தான் வேண்டும். முட்டி வலி, சர்க்கரை என்று சாக்குச் சொல்லாமல் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

கரங்கானிலிருந்து பாடாங் மேஹா பக்கம் போகும் வழியில் நம் தோட்டம் இருந்தது. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வரிசை வீடுகளான லயங்கள் தரைமட்டம். கோயிலும், கோயிலை ஒட்டியிருந்த ஆயாக் கொட்டகையும் மட்டும் எப்படியோ தப்பின. அந்தக் கொட்டகைக்குப் புதுச் சாயம் அடித்து வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். எழுத்தாளரின் இளமைக்கால இல்லம், சமூகக் கலாசார மையம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தாளர் என் அக்கா. அந்த இல்லம் எங்கள் வீடு. பலகையில் குறை ஒன்றும் இல்லை. குறை உள்ளே இருந்தது. அதைச் சரி செய்த கதையைச் சொல்வதற்கு முன்னால், அந்த வீடு எங்கள் கையை விட்டுப் போகவிருந்த கதையைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்துப் பெண்கள் விடியுமுன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, மரம் சீவப் போவார்கள். அதற்கு முன் கைக்குழந்தையையும் நடக்கிற குழந்தையையும் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். அங்கே பார்த்துக்கொள்கிற ஆயா என் அம்மா. முன்னால் நீளமான பலகைக் கூடம். அதன் குறுக்கே ஒரு பெரிய விட்டம். விட்டத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். பின்னால் ஓர் அறையும் அடுப்படியும். அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் அந்த ஓர் அறையில் படுப்போம். ஆயா வேலை இருக்கிற வரைதான் அந்த வீடு. வேலை போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அந்தக் கூடத்தின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஏணைத் துணியின் மூத்திர வாடை, காய்ச்சிய பால் பொங்கி அடுப்பில் தீய்ந்த வாடை, வெளியிலிருந்து வருகிற புளித்த பால்மரப் பாலின் நாற்றம். மூன்றும் சேர்ந்தால்தான் எனக்கு அது வீடு. இப்போது அங்கே எலுமிச்சை மணக்கிற தரைத் தைலம் போட்டுத் துடைக்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

நான் சொல்ல வந்தது மரங்கள் இலை உதிர்த்த ஒரு பருவம். அந்த மாதங்களில் பால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். தோட்டம் முழுக்கக் காய்ந்த இலை. யார் நடந்தாலும் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்கும். அந்தப் பருவத்தில்தான் நம் தோட்டத்துக்குத் தலைவிளக்கு வந்தது. அதுவரை மண்ணெண்ணெய் விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் சீவினார்கள். கரங்கான் சீனர் கடையில் புது விளக்கு வந்திருக்கிறது என்று ஒருத்தி வாங்கி வர, மற்றவர்களும் வாங்கினார்கள். இடுப்பில் பேட்டரிப் பெட்டி, முதுகு வழியாக ஒரு ஒயர், நெற்றியில் பட்டி கட்டி விளக்கு. இரண்டு கையும் சும்மா கிடைத்ததில் நம் அம்மாக்களுக்கு எவ்வளவு பெருமை! எதிர்வீட்டு அத்தை விளக்கைக் கட்டிக்கொண்டே சோறாக்கினாள் என்று கேலி செய்தார்கள்.

அக்காவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் விடிந்த பிறகுதான். அதுவரை அழுகிற குழந்தைகளுக்குக் கதை சொல்லி உட்கார வைப்பது அவள் வேலை. கூடத்தில் ஒரே ஒரு சிம்னி விளக்கு. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அந்த இருட்டில் மரங்களுக்கு நடுவே வெளிச்சப் பொட்டுகள் மட்டும் நகர்ந்து போகும். ஆள் தெரியாது. ஒருநாள் அக்கா ஜன்னலைக் காட்டிச் சொன்னாள்.

"அங்க பாருங்க. நெத்திக்கண்ணன் போறான்."

"யாரு?"

"நெத்தியில ஒரே ஒரு கண்ணு. இருட்டுலதான் நடப்பான். ஒவ்வொரு மரத்தையும் கட்டிப் பிடிச்சு நகத்தால கீறுவான். வெள்ளையா ரத்தம் வரும். அதச் சட்டியில புடிச்சு வெச்சிக்குவான்."

மூச்சுவிடாமல் கேட்டோம். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்காமலே கேட்டேன். தினமும் விடியலில் நெத்திக்கண்ணன் ஒரு நிரை மரம் தாண்டிக் கிட்டே வந்தான். அந்தக் காலத்தில் எங்களுக்கு அதைவிடப் பெரிய சுகம் எதுவும் இல்லை.

ஒரு விடியலில் ஒரு தாய், பிள்ளையின் துண்டைத் தேடுவதற்காகக் கூடத்துக்குள்ளேயே தலைவிளக்கைப் போட்டாள். அவ்வளவுதான். கூடமே அலறியது. நடக்கத் தெரிந்தவர்கள் அடுப்படிக்கு ஓடினோம். ஏணையில் கிடந்தவை காரணம் தெரியாமலே கூடச் சேர்ந்து அழுதன. மறுநாளிலிருந்து லயங்களிலும் அதே கூத்து. அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டினால் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பெற்ற தாயைப் பார்த்துக் கும்பிட்டு, "என்னைக் கீறாத" என்று கெஞ்சியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டதால் பெயரைச் சொல்லவில்லை.

பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு ஓடி வருவதற்குள் பெரட்டு முடிந்துவிடும். தாமதமாக வந்தவர்களைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி திருப்பி அனுப்பினார். அன்றைய வேலை போயிற்று. நம் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். குழந்தைகளிடம் காரணம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயில் பூசாரியிடம்தான் போனார்கள்.

பூசாரி கண்ணை மூடி, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் சொன்னார். "ஓடையோரம் முனியாண்டி மரத்தடியில உக்காந்திருக்காரு. நீங்க நெத்தியில வெளிச்சத்தக் கட்டிக்கிட்டு அவரு மூஞ்சியிலயே அடிக்கிறீங்க. சாமி சும்மா இருக்குமா? பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியல."

கோழி அறுத்தார்கள். சுருட்டும் ஒரு போத்தல் கள்ளும் வைத்தார்கள். பெண்கள் தலைவிளக்கை மூலையில் போட்டுவிட்டுப் பழையபடி மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கினார்கள். ஆனால் ஆண்கள் சிலர் தலைவிளக்கை விடவில்லை. ஜன்னலில் நெத்திக்கண்ணன் நடந்துகொண்டுதான் இருந்தான், நாங்கள் அழுதுகொண்டுதான் இருந்தோம்.

கிராணி ஒருநாள் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார். வெள்ளைக் காற்சட்டை, கையில் நீளமான டார்ச் லைட். அம்மா ஒரு குழந்தையை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆயாம்மா, இந்தக் கூச்சல் இங்கருந்துதான் கிளம்பியிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பவே பாலு இறங்கல. இதுல பாதிப் பேரு பெரட்டுக்கு வரலன்னா துரை என்னத்தான் கேப்பாரு. அவரு உர மூட்டை அடுக்க எடம் தேடிக்கிட்டு இருக்காரு. சம்பள நாளுக்குள்ள இது நிக்கணும். இல்லாட்டி கொட்டகையக் காலி பண்ணிக் குடுங்க."

"பிள்ளைங்கள எங்கய்யா விடுவாங்க?"

"அது அவங்க பாடு."

அன்று சாயந்திரம் அப்பாவுக்கு விஷயம் முழுசாகத் தெரிந்துவிட்டது. யாரோ ஒரு வாண்டு, "அக்காதான் சொல்லுச்சு" என்று உளறியிருந்தது. அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. அக்காவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பயந்துபோயிருந்தார். "இது இவ பேச்சு இல்ல. முனிதான் இவ வாயில பூந்துகிட்டுப் பேசுது" என்றார். பூசாரியிடம் கூட்டிப்போய் அவள் கழுத்தில் தாயத்துக் கட்டினார். இனி கூடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று கோயில் வாசலிலேயே சத்தியம் வாங்கினார். இன்றைக்கு அவள் எழுத்துக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்கள். முதல் மரியாதை அந்தத் தாயத்துதான்.

அக்கா வாயை மூடியதும் நிலைமை இன்னும் கெட்டது. கதை பாதியில் நின்றிருந்தது. நெத்திக்கண்ணன் நம் கொட்டகை வேலி வரை வந்து, வேலியில் கையை வைத்திருந்தான். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. அவன் உள்ளே வந்துவிட்டதாக நாங்களே முடிவு செய்துகொண்டோம். பகலிலும் அழுதோம்.

அம்மாவுக்குப் படிப்பு இல்லை, சாமி பயம் உண்டு. ஆனால் நாள் முழுக்கக் குழந்தைகளோடு இருப்பவள். சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்னால், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூடத்துக்குக் கூட்டிவந்தாள்.

"ஆரம்பிச்சவ நீதான? முடிச்சுக் குடு."

"அப்பா பேசக் கூடாதுன்னு..."

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ முடி."

"முடிவு தெரியலம்மா."

"தெரியலன்னா உக்காந்து யோசி. பாத்திரத்த நான் பாத்துக்கிறேன்."

நம் வீடுகளில் ஒரு பெண் பிள்ளையை வேலையிலிருந்து எழுப்பி, சும்மா உட்கார்ந்து யோசி என்று சொன்ன தாய் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து என் அம்மா ஒருத்திதான். அக்கா விட்டத்துக்குக் கீழே, காலி ஏணை ஒன்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். அவள் எழுத்தாளர் ஆனது அன்றைக்குத்தான் என்று நான் எந்த மேடையிலும் அடித்துச் சொல்வேன்.

மறுநாள் விடியலில் அம்மா, எதிர்வீட்டு அத்தையைத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். விளக்கைப் போடக் கூடாது என்று கட்டளை. அத்தையின் மகள் மூன்று வயதுக்காரி. தாயைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"நெத்திக்கண்ணன் வேலியில கைய வெச்சிட்டு அழுதான். ஏன் தெரியுமா? அவனுக்குக் கண்ணு இருக்கு, ஆனா அத அவனால தொறக்க முடியாது. அவனோட பிள்ளைதான் தொறக்கணும். பிள்ளை தொறந்து விட்டாத்தான் வழி தெரியும். மரத்தக் கீறி, அந்த வெள்ளைப் பாலச் சட்டியில எடுத்துட்டுப் போயி, பிள்ளைக்குச் சோறு வாங்கிட்டு வருவான். யாரும் தொறந்து விடலன்னா வேர் தடுக்கி விழுவான். பாவம்ல?"

அத்தை முட்டி போட்டுக் குனிந்தாள். அவளுக்கும் கதை புதிது. கண் கலங்கியிருந்தது. "அவன் பிள்ளை எங்க இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

"இங்கதான் இருக்கு" என்றாள் அக்கா.

அத்தையின் மகள் என் முதுகை விட்டு வெளியே வந்தாள். மெதுவாக நடந்து போய், தாயின் நெற்றியைத் தொட்டாள். சுவிட்சைத் தட்டினாள். வெளிச்சம் அவள் முகத்திலேயே விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள்.

"போய்ட்டு வா."

அத்தை அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே போனாள். அப்புறம் கேட்க வேண்டுமா? "நானு, நானு" என்று ஒரே தள்ளுமுள்ளு. மறுநாள் பெண்கள் எல்லாரும் மூலையில் கிடந்த தலைவிளக்கை எடுத்துக் கட்டிக்கொண்டு, விளக்கைப் போடாமலே வந்து வரிசையில் குனிந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயின் விளக்கைப் போட்டு வழியனுப்பியது. என் அப்பாகூட வந்து என் முன்னால் குனிந்தார். அவர் தலையில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. சுவிட்சு ஜில்லென்று இருந்தது.

கிராணி விடுவாரா? சம்பள நாள் வந்துவிட்டதல்லவா? டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகள் விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டு விளையாடியதில் அன்றும் கொஞ்சம் தாமதம்தான்.

"அழுதாலும் லேட்டு, சிரிச்சாலும் லேட்டா? ஆயாம்மா, நான் என்ன சொன்னேன்?"

அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், கங்காணி வீட்டுக் கடைக்குட்டி தத்தித் தத்தி அவரிடம் போனது. அவர் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தது. அதற்கு இது இன்னொரு நெத்திக்கண்ணன். கண்ணு கையில் இருக்கிறது, அவ்வளவுதானே? பொத்தானை இரண்டு கட்டைவிரலாலும் தள்ளியது. டார்ச் எரிந்தது.

"போய்ட்டு வா" என்றது.

கூடம் முழுக்க ஒரே குரலாக, "போய்ட்டு வா!" என்றோம்.

கிராணி எரிகிற டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உதடு ஒருமாதிரி துடித்தது. சிரிப்பை அடக்கினார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று கோபம் என்றுதான் நினைத்தோம். பிறகு திரும்பிப் போய்விட்டார். சில நாளில் குழந்தைகள் பழகிப் பெரட்டும் ஒழுங்குக்கு வந்தது. உர மூட்டைகள் ஸ்டோருக்குப் பின்னால் மழையிலேயே கிடந்தன. வீடு எங்களிடமே இருந்தது.

நல்ல பெயர் யாருக்குப் போனது என்கிறீர்கள்? முனியாண்டிக்குத்தான். கோழி வேலை செய்தது என்று பூசாரிக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். தாயத்து வேலை செய்தது என்று அப்பா கடைசி வரை நம்பினார். அம்மா யாரையும் திருத்தவில்லை. ஏணைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். மையத்தை நடத்தும் குழுவின் தலைவர் அந்தப் பூசாரியின் மகன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நம் ஏணையில் ஆடியவர்தான். திறப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார். பின்னறையில் ஒரு தேக்கு மேசை, மேசை விளக்கு, சுற்றிலும் சிவப்புக் கயிறு.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி. யாரு மேசை?"

"எழுத்தாளர் எழுதின எடம்னு காட்டணும்ல. கூலிம்ல வாங்கினோம்."

"இந்த ரூம்ல நாங்க நாலு பேரு படுத்தோம். மேசை இருந்திருந்தா ஒருத்தர் அது மேலதான் படுத்திருக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு கூடத்தில் விட்டத்தை மறைத்துப் புதுக் கூரைப் பலகை அடிக்கப் போவதாகவும், சனி ஞாயிறு மட்டும் திறப்பதாகவும் சொன்னார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அண்ணாந்து பார்த்தேன். விட்டத்தில் ஏணைக் கயிறு அறுத்த தடம் வரிசையாக இருந்தது. இதை மூடிவிட்டால் இது யார் வீடு?

அக்கா இப்போது அலோர் ஸ்டாரில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண் பெரும்பாலும் போய்விட்டது. போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மேசையைக் கேட்டு அவளும் சிரித்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"இப்பப் பொம்பளைங்க எங்கடி வேலைக்குப் போறாங்க?"

"கூலிம் ஃபாக்டரிக்கு. எதிர்ல புதுசா தாமான் வீடுங்க வந்திருக்குல்ல, அங்கருந்து. விடியுறதுக்கு முன்ன பஸ்ஸு வந்துரும். தூங்குற பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு அம்மா வீடு, மாமியார் வீடுன்னு ஓடுறாங்க."

"அந்தப் பஸ்ஸுக்கு முன்னாடி நம்ம வீட்டத் தெறக்கச் சொல்லு. இல்லன்னா பலகையில என் பேரை எடுத்துரச் சொல்லு."

குழுவில் காரசாரமாகப் பேச்சு நடந்தது. பிள்ளைகளை யார் பார்ப்பது, பொறுப்பு யாருடையது என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அத்தையின் மகள் எழுந்து, "நாங்க பாத்துக்கிறோம்லா, எங்களுக்கு வீட்டுல என்ன வேலை?" என்றாள். முதல் விளக்கைப் போட்டவள் அல்லவா? உங்களில் பலரும் கையைத் தூக்கினீர்கள். சாயங்காலம் நடனமும் தேவாரமும் இருக்கட்டும், விடியற்காலை பிள்ளைகளுக்கு என்று முடிவாயிற்று. கூரைப் பலகை கைவிடப்பட்டது. தேக்கு மேசையில் இப்போது பால் டின் வைக்கிறோம். தலைவர் கடைசியாக என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தயங்கினார்.

"அந்த நெத்திக்கண்ணன் கதைய எழுதிக் கூடத்துச் சுவத்துல மாட்டப் போறீங்களாமே. எங்கப்பா கோழி அறுத்தாரே, அது?"

"அதையும் போடுவோம் தம்பி. முனியாண்டியும் நம்ம ஆளுதான?"

திறப்பு நாளுக்கென்று தேடியபோது, அம்மா எடுத்து வைத்திருந்த அப்பாவின் பழைய பெட்டி வைத்த தலைவிளக்கு கிடைக்கவில்லை. வீடு மாறியபோது பழைய இரும்புக்காரனிடம் போயிருக்க வேண்டும். கரங்கான் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். ஒயரும் இல்லை, பெட்டியும் இல்லை, எடையே இல்லை.

திறப்பு நாளன்று பத்து மணிக்குப் பிரமுகர் வந்து குத்துவிளக்கு ஏற்றினார், பேசினார், படம் எடுத்தார்கள். அது செய்தியில் வந்துவிட்டது. நான் சொல்வது அதற்கு முன்னால், இருட்டில் நடந்தது. முந்தின நாளே அக்காவை அழைத்து வந்திருந்தோம். நாற்காலியில் விட்டத்துக்குக் கீழே உட்கார வைத்தேன். தலைவிளக்கைக் கேட்டு வாங்கி அவளே நெற்றியில் கட்டிக்கொண்டாள். விளக்கைப் போடவில்லை. நாம் எல்லாரும் சுவரோரம் நின்றோம்.

முதலில் வந்தவள் ஒரு சின்னப் பெண். கழுத்தில் ஃபாக்டரி அட்டை, தோளில் மகன். சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. இறக்கிவிட்டதும் பையன் உதட்டைப் பிதுக்கினான். அக்கா அவன் குரல் வந்த பக்கம் குனிந்தாள்.

"தம்பி, எனக்குக் கண்ணு தெரியல. நெத்தியில ஒரு கண்ணு இருக்கு. நீதான் தொறந்து விடணும்."

அவன் தாயைப் பார்த்தான். பிறகு அக்காவின் நரைத்த தலையைப் பார்த்தான். ஒரு விரலை நீட்டி அழுத்தினான். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்று பாவம் அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். பல் விழுந்தவர்கள், தடி ஊன்றியவர்கள், தலைவர் உட்பட எல்லாரும், யாரும் யாருக்கும் ஜாடை காட்டாமல், ஒரே குரலில் சொன்னோம்.

"போய்ட்டு வா!"

அந்தச் சின்னப் பெண் தனக்குத்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி பஸ்ஸுக்கு ஓடினாள். அக்கா தலையை மெல்லத் திருப்பினாள். விளக்கு நம் முகங்கள் மேல் ஒவ்வொன்றாகப் போய் வந்தது. அவளுக்குத் தெரியாது, ஆனால் நமக்கு அவள் பார்ப்பது போலவே இருந்தது. பிறகு பையனை மடியில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் எங்கடி போறது? இதுதான என் வீடு" என்றாள்.